குசினி இல்லாத வீட்டுக்கு முப்பத்தொன்பது புள்ளி

அந்தக் கோடையில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. லண்டன் மாமா வீட்டை உடைத்துக் கட்டத் தொடங்கினார். எங்களை வரவேண்டாம் என்றார்.
2. அப்பா ஏற்கெனவே விடுப்பு எடுத்திருந்தார். அதை மாற்ற ஏலாது.
3. அயர்லாந்து நாட்டுப்புறத்தில் தங்குமிடம் தேடி நான் ஓர் அட்டவணை போட்டேன்.
4. அம்மா கேட்டதற்காக அதில் ஒரு வரி கூட்டினேன்.
5. அந்த வரியால் ஒரு வீடு தோற்றது, இன்னொன்று வென்றது.
6. அங்கே மூன்றாம் நாள் எங்கள் கைக்கு ஒரு தட்டு வந்தது.
7. அப்பா குசினிக்குள் போனார்.

ஏழாவதைச் சொல்லத்தான் மற்ற ஆறும்.

உங்களுக்கு இரண்டாவது வரைக்கும் விளக்கம் தேவையில்லை. நீங்களும் என்னைப்போல ஜெர்மனியில் பிறந்து, இப்போது முப்பத்தைந்தைத் தாண்டி, முதல் நரைமுடியைப் பிடுங்குவதா விடுவதா என்று கண்ணாடி முன் நிற்பவர்கள். விடுமுறை என்றால் நமக்கு இன்னொரு தமிழ் வீடுதான். லண்டன், பாரிஸ், சூரிச். ஊர்தான் மாறும். அதே சோபா உறை, அதே வெங்காய வாசம், வரவேற்பறைத் தரையில் வரிசையாக விரித்த மெத்தைகள். காசு கொடுத்து அந்நியர் வீட்டில் தங்குவது ஜெர்மன்காரர் செய்யும் வேலை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அதனால் ஈஸ்டருக்கு அடுத்த கிழமை லண்டன் மாமா தொலைபேசியில் "கூரையே இல்லை அக்கா, எங்கை உங்களைப் படுக்க விடுறது?" என்று கேட்டபோது, அம்மா தன் தம்பிக்காகக் கவலைப்பட்டார். அப்பா தன் விடுப்புக்காகக் கவலைப்பட்டார்.

அப்பா ஹனோவரில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். பாத்திரம் கழுவப் போனவர், பத்து வருடத்தில் சுடு அடுப்புக்கு முன்னால் வந்துவிட்டார். ஆயிரம் பேர் அவருடைய உருளைக்கிழங்குச் சாலட்டைச் சாப்பிட்டிருப்பார்கள். வீட்டில் நாங்கள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. "பதினொரு மாசம் குசினியில நிக்கிறன். ஊர்லாப்பில என்னைக் கரண்டி பிடிக்கச் சொல்லாதேங்கோ" என்பார். நியாயமாகத்தான் பட்டது. ஊர்லாப் என்றால் ஜெர்மனில் விடுப்பு, அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்.

அந்த ஹோட்டல் வரவேற்பில் ஓர் ஐரிஷ் மாணவி வேலை செய்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, தன் ஊர்ப்பக்கத்து விடுதிகளின் கையேடு ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் தபால்தலை அளவில் ஒரு படம், கீழே சின்னச் சின்னக் குறிகள்: கட்டில், குதிரை, முள்ளுக்கரண்டி. பக்கங்களில் புது அச்சு வாசமும், அப்பாவின் சட்டையிலிருந்து வந்த பொரித்த எண்ணெய் வாசமும் சேர்ந்து இருந்தன. யூரோ வந்து இரண்டாவது கோடை அது. "அங்கையும் எங்கடை காசுதான். பிறகென்ன?" என்றார் அப்பா. அவருக்கு அது ஒரு பெரிய ஆறுதல்.

நான் கிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. வீட்டில் கடிதம் வந்தால் உடைப்பவளும் நான், விண்ணப்பம் நிரப்புபவளும் நான். ஆகவே தங்குமிடம் தெரிவதும் என் பொறுப்பாயிற்று. கட்டக் கொப்பியில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தேன். பத்து வீடுகளை இரண்டாகக் குறைத்தேன். ஒன்று ஏரிக்கரையில் தனி வீடு, சாவியைத் தந்துவிடுவார்கள். மற்றது ஒரு பண்ணை வீட்டில் மாடியறை, வீட்டுக்காரி கீழே இருப்பார். எது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியவர் அப்பா. கூடியது ஐந்து, குறைந்தது ஒன்று.

"குசினிக்கு?" என்று கேட்டேன்.

"ஐஞ்சு. ஆறு போட ஏலாதோ?"

"ஏலாது அப்பா. கூடினது ஐஞ்சுதான்."

"அப்ப ஐஞ்சு. சோறில்லாமல் ஒரு கிழமை என்னெண்டு? அம்மாவுக்கும் பொழுது போக வேணுமெல்லோ."

அம்மா பக்கத்தில் இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நடந்து போகலாமோ எண்டதுக்கு?"

"நாலு போடு. ஐஞ்சு போடத்தான் வேணும், ஆனால் கடவுள் கோவிக்க மாட்டார்."

"கட்டில்?"

"மூண்டு."

"விமான நிலையத்தில இருந்து தூரம்?"

"ரெண்டு."

"வடிவான இடமோ எண்டதுக்கு?"

"எல்லா இடமும் வடிவுதான். ஒண்டு போடு."

ஒவ்வொரு வீட்டுக்கும் சைபரிலிருந்து மூன்றுவரை நான் போட்ட புள்ளியை அப்பாவின் எண்ணால் பெருக்கிக் கூட்டினேன். ஏரிக்கரை வீடு முப்பத்தைந்து. பண்ணை வீடு இருபத்துநான்கு. கத்தோலிக்கக் கோவிலுக்கு முன்னால் இருந்தும், குசினியில் வாங்கிய சைபர் அதைக் கவிழ்த்துவிட்டது. அப்பா கைதட்டினார். "பார், கணக்கே சொல்லிப்போட்டுது."

அடுத்தநாள் காலை, பள்ளிக்குப் போகுமுன் அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவைச் சாத்தியிருந்தார். அப்படிச் சாத்துவதில்லை.

"பிள்ளை, உந்தப் பண்ணை வீட்டில குசினி இல்லைத்தானே?"

"வீட்டுக்காரியின்ரை குசினி இருக்கு. எங்களுக்கெண்டு இல்லை. அதுதான் சைபர்."

"எனக்கு அதுதான் வேணும்."

சீப்பு பாதித் தலையில் நின்றது. கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் வகிட்டைப் பார்த்தார்.

"ஒரு கிழமை அடுப்பைப் பாக்காமல் இருந்து பாக்க வேணும். ஒரே ஒரு கிழமை. அப்பாட்டைச் சொல்லாதை."

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னால் பாவமெண்டு நினைச்சு ரெண்டு நாள் வெளியில சாப்பிடுவார். மூண்டாம் நாள் 'ஒரு ரசம் வைப்பமோ' எண்டு கேப்பார். அவர் கேக்காட்டிலும் நான் போய் நிப்பன். குசினி இருந்தால் நான் நிப்பன் பிள்ளை. எனக்கு என்னைத் தெரியும். அந்த ஐஞ்சை ஒண்டாக்கிவிடு."

"அது அப்பா சொன்ன எண். மாத்தினால் கள்ளம்."

"அப்ப கள்ளமில்லாமல் ஒரு வழி பார். கணக்கில கெட்டிக்காரி எண்டு ரீச்சர் சும்மாவோ சொன்னவ?"

எனக்கு அது ஒரு புதிராக மட்டுமே தெரிந்தது. பள்ளிப் பேருந்தில் தீர்வைக் கண்டுபிடித்துவிட்டேன். எண்ணை மாற்றத் தேவையில்லை. ஒரு வரியைக் கூட்டினால் போதும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. "அம்மா சமைக்கத் தேவையில்லை" என்று எழுத முடியாது. கையேட்டை மறுபடி பார்த்து, முள்ளுக்கரண்டிக் குறியின் பொருளைப் படித்து, கீழே எழுதினேன்: காலைச் சாப்பாடு அவர்களே தருவார்கள்.

பின்னேரம் அப்பாவிடம் நீட்டினேன்.

"இதென்ன புதுசு?"

"விட்டுப்போச்சு அப்பா. இதுக்கு எத்தினை?"

"அவையே சமைச்சு மேசையில கொண்டுவந்து வைப்பினமோ? முட்டையும்?"

"முட்டையும்."

"அட! அதுக்கும் ஐஞ்சு."

பண்ணை வீடு முப்பத்தொன்பது. ஏரிக்கரை வீடு முப்பத்தைந்திலேயே நின்றது. அப்பா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். அம்மா மினுக்கிய சட்டையையே திரும்பவும் மினுக்கினார்.

இப்போது நான் ரயில் பிரேக்குகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். புள்ளி போட்டுத் தெரிவு செய்யும் அட்டவணைகள் என் மேசைக்கு வந்தபடி இருக்கும். முதலில் கடைசி வரியைப் பார்க்கிறேன்.

அப்பா வீட்டுக்காரிக்குத் தொலைபேசி எடுத்தது ஒரு தனிக் கதை. எடுக்குமுன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். எழுந்து நின்றார். யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படித்த ஆங்கிலத்தில், முதலில் அந்தப் பெண்மணியின் உடல்நலம் கேட்டார். பிறகு அவருடைய கணவரின் உடல்நலம். பிறகு பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள். அறை என்ற சொல் வர ஏழு நிமிடம் பிடித்தது. கடைசியில், "நீங்களும் ஹனோவருக்கு வர வேணும், எங்கடை வீட்டிலதான் நிக்க வேணும்" என்று அழைப்பும் விட்டார். தொலைபேசியை வைத்துவிட்டு, "நல்ல மனுசி. கணவர் இறந்து ஐஞ்சு வருசமாம். சாப்பிட முடியாதது ஏதும் இருக்கோ எண்டும் கேட்டவ" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றார் அம்மா.

"நாங்கள் எல்லாம் சாப்பிடுவம், கரைச்சல் படாதேங்கோ எண்டன்."

ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறதா? ஆகவே பன்னிரண்டு பெரிய சாக்லேட், நான்கு பொதி கோப்பி, ஒரு போத்தல் ஓடிக்கொலோன் எல்லாம் பெட்டியில் ஏறின. லண்டனுக்குப் போகும் அதே சாமான்கள். அவற்றுக்கு அடியில் அப்பா தகரத்தில் அடைத்த நான்கு மீன் ரின்களும் மிளகாய்த்தூளும் ஒளித்தார். "அவசரத்துக்கு" என்றார். அது என்ன அவசரம் என்று அம்மா கேட்கவில்லை.

ஜெர்மனி அந்த ஓகஸ்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அயர்லாந்தில் விமானத்திலிருந்து இறங்கினால் முகத்தில் ஈரக் காற்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் படியிலேயே நின்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். வாடகைக் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. அப்பா ஏறியிருந்து அதைத் தடவினார். "பதினைஞ்சு வருசமாப் பிழையான பக்கத்தால ஓடினன். இண்டைக்குத்தான் எங்கடை பக்கம்" என்று சொல்லி, ஒடுக்கமான கல்வேலி ஒழுங்கைகளில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். ஒருமுறை செம்மறிக்கூட்டம் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அப்பா ஹோன் அடிக்கவில்லை. "அவையின்ரை ஊர். போகட்டும்" என்றார்.

வீட்டுக்காரி உயரமான பெண். ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, கையில் பிசைந்த மா. அப்பா வாசலிலேயே பையைத் திறந்து சாக்லேட்டை ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அவர் இரண்டு கையாலும் வாங்கி, வைக்க இடமில்லாமல் நாடியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தன் விடுதிக்கு வந்தவர்கள் துவாயைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களாம், எதையும் கொண்டுவந்ததில்லையாம். நான் மொழிபெயர்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதல் காலை அம்மா மேசையில் இருக்கப் பழகவில்லை. வீட்டுக்காரி முட்டைத் தட்டோடு வந்ததும் எழுந்து வாங்கப் போனார். தேநீர்க் குடுவை வந்ததும் எழுந்தார். மூன்றாம் முறை வீட்டுக்காரி அவருடைய தோளில் கைவைத்து மெல்ல அமுக்கி உட்காரவைத்தார். பிறகு அம்மா எழவில்லை. மண்ணிறப் பாண் ரொட்டியில் வெண்ணெயை விளிம்புவரை பூசி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒவ்வொரு தட்டிலும் கறுப்பு வட்டங்கள் இரண்டு இருந்தன. தொழில் தெரிந்த அப்பா தன் தட்டைக் குனிந்து பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

"இஞ்சேரப்பா, உது இரத்தத்தில செய்யிறது. சாப்பிடாதை."

"ரெண்டையும் சாப்பிட்டாச்சு. உங்கடையையும் இங்கால தள்ளுங்கோ."

ஞாயிறு எதிரே இருந்த கோவிலில் பூசை. பாட்டு விளங்கவில்லை, எழும்பும் இடமும் முழந்தாளிடும் இடமும் விளங்கின. சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் பலகை வாங்கு, பின் வாங்கு, மறுபக்க வாங்கு என்று எல்லாரும் வந்து அம்மாவுக்குக் கைகொடுத்தார்கள். அம்மா மயில்கழுத்து நிறச் சேலை கட்டியிருந்தார். வெளியில் வந்ததும், "சமைக்கிறதை யோசிக்காமல் பூசை பாத்தது இண்டைக்குத்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

மத்தியானமும் இரவும் ஊர்க் கடையில் சாப்பிட்டபடி இரண்டு நாள் முடிந்திருந்தது. நான் கொப்பியின் பின்பக்கத்தில், அம்மா சமைக்காத நாளுக்கு ஒன்றாக, கட்டம் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு வந்தேன். ஏழு கட்டத்தில் இரண்டு நிரம்பியிருந்தது.

மூன்றாம் நாள் கடற்கரைக்குப் போகப் புறப்பட்டபோது, வீட்டுக்காரி ஓடிவந்து கார் யன்னலால் ஒரு பொட்டலம் தந்தார். நீலக்கரை வைத்த வெள்ளை எனாமல் தட்டில் சுடச்சுட ஸ்கோன் பணியாரம் ஒன்பது, மேலே கட்டம்போட்ட துணி. கல்வேலியில் ஏறியிருந்து தூறலில் சாப்பிட்டோம். உப்புக்காற்று, உருகும் வெண்ணெய், கையெல்லாம் மா. ஒன்பதும் போயிற்று.

திரும்பி வந்ததும் அம்மா அந்தத் தட்டைக் குளியலறைத் தொட்டியில் கழுவி, துடைத்து, கட்டிலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எடுத்தார்.

"குடுத்திட்டு வாறன்."

"வெறுந்தட்டோ?"

அப்பா உடனே கீழே வைத்துவிட்டார். உங்கள் வீட்டிலும் இதுதானே. பக்கத்து வீட்டு ஏனம் பலகாரத்தோடு வந்தால் ஏதாவது வைத்துத்தான் திரும்பிப் போகும். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது. எங்கள் ஹனோவர் மாடியில் ஒரே ஐஸ்கிரீம் டப்பா மூன்று வீடுகளுக்கிடையே வருடக்கணக்காக நிரம்பியபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"சாக்லேட் ஒண்டு வைச்சுக் குடுப்பம்" என்றார் அப்பா.

"பன்னிரண்டையும் முதல்நாளே குடுத்தாச்சு."

"கடையில ஏதும் வாங்குவம்."

"அவ கையால செய்து தந்தவ. கடைச்சாமானோ வைக்கிறது?"

"அப்ப நல்லதாப் போச்சு. மீன் ரின் இருக்கு. அவவிட்டைக் கேட்டுக் குசினியில பத்துக் கட்லட் போட்டுக் குடன். அரை மணித்தியாலம். உனக்கென்ன பெரிய வேலையோ?"

அம்மா எழுந்து பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து தன் வீட்டுச் சட்டையை எடுத்தார். லண்டனில், பாரிஸில், போய் இறங்கிய பத்தாவது நிமிடம் அவர் மாற்றிக்கொள்ளும் அதே பூப்போட்ட சட்டை. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

"போகாதேங்கோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"என்ன பிள்ளை கத்துறாய்?" என்றார் அப்பா.

சொல்லாதே என்றது காதில் இருந்தது. ஆனால் கொப்பியில் ஐந்து கட்டம் வெறுமையாக இருந்தது. அட்டவணையைத் திறந்து அப்பாவின் முன் வைத்து, கடைசி வரியில் விரலை ஊன்றினேன். "இது நான் யோசிச்சதில்லை. அம்மா கேட்டது. குசினி இல்லாத வீடு வேணுமெண்டு."

அப்பா அட்டவணையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "உனக்குச் சமைக்கிறதெண்டால் விருப்பமெல்லோ? எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை."

"விருப்பந்தான்." அம்மா சட்டையை மடித்தபடி சொன்னார். "உங்களுக்கும் உங்கடை வேலை விருப்பந்தான். ஊர்லாப்பில போய் நிப்பீங்களோ?"

கீழே வீட்டுக்காரியின் வானொலி கேட்டது. அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். திட்டுவார் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாராம், பிறகு சொன்னார். அப்பா அட்டவணையில் தான் போடச்சொன்ன எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குசினிக்கு ஐந்தில் விரல் நின்றது.

"பொழுது போக வேணும் எண்டும் சொன்னனான், என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அப்பா."

"விசரன், சரியான மடையன்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். ஒரு கையில் தட்டு, மறுகையில் மீன் ரின்கள்.

"எங்கை போறீங்கள்?" என்றார் அம்மா.

"தட்டு என்ரை பாடு. நீ கீழ வந்து இரு. கரண்டியைத் தொட்டாயெண்டால் பார்."

படியிறங்கும் சத்தம். பிறகு அவருடைய குரல், கல்லூரி ஆங்கிலத்தில்: "மேடம், இன் ஜெர்மனி ஐ ஆம் குக்."

வீட்டுக்காரி தன் குசினியை இலகுவில் விடுகிறவர் இல்லை. ஆனால் அப்பா கத்தியை எடுத்து வெங்காயம் வெட்டிய வேகத்தைப் பார்த்ததும் தன் ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். முற்றத்துக் கல்மதிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தார். இரண்டு பேர் கையிலும் தேநீர். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. நான் நடுவில் நின்றேன். வீட்டுக்காரி கேட்டார்: வீட்டிலும் இப்படித்தானா? அம்மா சொன்னார்: "இல்லையெண்டு சொல்லு. இண்டைக்குத்தான் வெள்ளோட்டம் எண்டு சொல்லு." வெள்ளோட்டத்துக்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. கப்பலைக் கையால் காட்டினேன். வீட்டுக்காரிக்கு விளங்கிவிட்டது. தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தார்.

கட்லட்கள் ஒரே அளவில், ஹோட்டல் ஒழுங்கில் வந்தன. பதினான்கு. அப்பா இரண்டைக் கருக்கியிருந்தார், அவசரமாம். அந்த இரண்டையும் தானே சாப்பிட்டார். மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடித்தான் போயிற்று. வீட்டுக்காரி கண்ணீர் வழிய, இன்னொன்று என்று விரலால் காட்டினார். கிழமை முடிவில் ஏழு கட்டமும் நிரம்பின. அந்த வீட்டுச் சட்டை அதற்குப் பிறகு பெட்டிக்கு வெளியே வரவேயில்லை.

எங்கள் வீட்டு விடுமுறை ஆல்பங்களை அண்மையில் எண்ணிப் பார்த்தேன். லண்டன் பாலங்கள், பாரிஸ் கோபுரம், சுவிஸ் மலை எல்லாவற்றுக்கும் முன்னால் நானும் அப்பாவும் நிற்கிறோம். அம்மா இல்லை. அந்த நேரத்தில் அவர் மச்சாளின் குசினியில் பன்னிரண்டு பேருக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்திருப்பார். அயர்லாந்துக்கு முன் வெளியில் எடுத்த அத்தனை படங்களிலும் அம்மா இருப்பது இரண்டே இரண்டில். பிறகு அயர்லாந்து ஆல்பம். அதில் ஒரு படத்தை வீட்டுக்காரி எடுத்தார். அம்மா மதிலில் கால்நீட்டி, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய் முழுக்கச் சிரிக்கிறார். பின்னால் குசினி யன்னலில் கரண்டி பிடித்த ஒரு கை தெரிகிறது. அப்பா அவ்வளவுதான் அந்தப் படத்தில்.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஹனோவர் திரும்பிய மறுநாள் அம்மா சோறு போட்டார், அப்பா சாப்பிட்டார். ஆனால் அடுத்த கோடை லண்டனில், கூரை போட்ட புது வீட்டில், அம்மா வீட்டுச் சட்டையைத் தேடும்போது அப்பா குசினி வாசலில் ஏப்ரனோடு நின்றார். மாமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன அத்தான், ஜெர்மனியில ஆம்பிளையளோ சமைக்கிறது?"

"ஓம். அங்கை சம்பளத்துக்கு, இஞ்சை சும்மா. வெங்காயத்தை எடு."

மாமா எடுத்தார். அன்று அம்மாவும் மச்சாளும் நானும் தேம்ஸ் நதியில் படகில் போனோம்.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புறப்படும் காலை, காரில் பெட்டி ஏற்றியபின், வீட்டுக்காரி அதே தட்டில் சோடாப் பாண் ஒன்றை வைத்துத் துணியால் கட்டி அம்மாவின் மடியில் வைத்துவிட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அப்பா தெருமுனைவரை ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"இஞ்சேரப்பா, தட்டு திரும்ப எங்கடை கையில வந்திட்டுது."

"வரட்டும்" என்றார் அம்மா. "வண்டியை எடுங்கோ."

இப்போதைய நிலைமை இது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். சனிக்கிழமைக் கட்லட் அவருடையது. அம்மா விடுமுறையில் குசினிக்குள் போவதில்லை. வீட்டுக்காரி ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் மடல் அனுப்புகிறார். வயதாகிவிட்டது, இனி ஆட்களைத் தங்கவைப்பதில்லை, நீங்கள் மட்டும் வரலாம் என்று போன மடலில் எழுதியிருந்தார். மூன்று பேருக்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன், ஓகஸ்டுக்கு. அட்டவணை போடவில்லை. தட்டு என் அலமாரியில் இருக்கிறது, நீலக்கரையில் ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்திருக்கிறது. எங்கள் முறை இன்னும் பாக்கி.